மூச்சு விட்ட தகடு

தொழிற்பேட்டையே போல்ட் பட்டறையில் கூடிவிட்டது. மின்சாரச் செலவைப் பாதியாக்கும் மகான் வருகிறார் என்றால் சும்மாவா? பதினேழு பட்டறைக்காரர்களும் மெஷினை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்கள். மெஷின் நின்றாலே மின்சாரம் மிச்சம்தான். அந்தப் பெருமையும் மகானுக்கே போனது.

போல்ட்டுக்காரர் மட்டும் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத முடிவுக்குள் மின்சாரத்தைக் குறைக்காவிட்டால் ஆர்டர் கிடையாது என்று பெரிய கம்பெனி கடிதம் போட்டிருந்தது. ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். உள்ளே வேலை செய்யும் பதினான்கு பேர் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்துப் பட்டறையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் அவருடைய அக்கா போன மாதமே சொன்னாள்: "எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு பட்டறையா பார்ப்போம்டா. எங்க வீணாகுதுன்னு தெரிஞ்சிடும்." ஒருத்தரும் அசையவில்லை. அடுத்தவன் வந்து நம் மெஷினைப் பார்ப்பதா? தொழில் ரகசியம் என்னாவது? மகான் பார்க்கலாம். அவருக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மகான் காற்றடைக்கும் கம்ப்ரஸர் மேல் செப்புத் தகடு ஒன்றை ஒட்டிக் கண்ணை மூடினார். "சத்தம் போடாம கேளுங்க."

உஸ்ஸ்ஸ்...

"தகடு மூச்சு விடுது! கெட்ட சக்தி வெளியேறுது!"

கூட்டத்துக்குப் புல்லரித்தது. போல்ட்டுக்காரர் அழுதேவிட்டார்.

அக்கா விறுவிறுவென்று வந்தாள். தகட்டை நெம்பி எடுத்து மகான் கையில் கொடுத்தாள். "இத எடுத்துக்கிட்டு கொஞ்சம் தெருவுல நில்லுங்க."

மகான் போனார். உஸ்ஸ்ஸ் போகவில்லை.

"தகடு தெருவுல நிக்குது. இங்க மூச்சு விடுறது யாருடா தம்பி?"

ஒரு குவளை சோப்புத் தண்ணீரைக் காற்றுக் குழாயின் இணைப்பில் ஊற்றினாள். குபுகுபுவென்று நுரை கிளம்பியது.

"காத்துடா! நீ மின்சாரத்தக் கொட்டி அடைச்ச காத்து ஒழுகுது. அதான் மெஷின் நின்னாலும் கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கு."

ஸ்பேனரால் ஒரு முறுக்கு முறுக்கினாள். சத்தம் நின்றது.

"அந்த அம்மாவுக்கு இந்த யோசனையக் குடுத்ததே என் தகடுதான்!" என்று தெருவிலிருந்து குரல் வந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம்.

அந்த வாரமே பதினேழு பேரும் ஒரே வாளி சோப்புத் தண்ணீரோடு பட்டறை பட்டறையாகப் போனார்கள். எல்லோருடைய தொழில் ரகசியமும் வெளிப்பட்டது. எல்லோரிடமும் ஒரே ரகசியம்தான்: உஸ்ஸ்ஸ். மாத முடிவில் மின்சாரம் குறைந்தது, ஆர்டரும் தப்பியது. போல்ட்டுக்காரர் பதினான்கு பேரையும் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு பட்டறைக்காரர் மட்டும் பவ்யமாகக் கேட்டார். "சோப்ப எந்தத் திசை பார்த்துக் கரைக்கணும்மா?"

"பைப் இருக்கிற திசை பார்த்து," என்றாள் அக்கா. "அப்படியே மூளையையும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க."