ஜெர்மனியில் ஒரு ஞாயிறு நடந்தவர்

உலகத்தில் ‘போய் வந்தவர்’ என்றொரு பிராணி உண்டு. எங்கே போய் வந்தது என்பது முக்கியமல்ல. ரங்கூனாக இருக்கலாம், காசியாக இருக்கலாம், பக்கத்துப் பழவேற்காடாகக்கூட இருக்கலாம். போனது நாலு நாள், பேசுவது ஆயுசு முழுக்க. அதன் எதிரே ஒரு தரம் தும்மிப் பாருங்கள். தும்மலுக்கும் அந்த ஊரில் வேறு முறை இருக்கும்.

ராயபுரத்தில் எங்களுக்கு வாய்த்தவர் தேவப்பிரியம் அண்ணாச்சி. நான் குமாஸ்தாவாக இருக்கும் தோல் மண்டியில் அவர்தான் தரம் பார்ப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் முதலாளி அவரை மாதிரித் தோல்களுடன் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தார். மொத்தம் பதினெட்டு நாள். அதில் பதினேழு நாள் அங்கேயும் தோல் கிடங்குதான். அதே நாற்றம், குளிர் மட்டும் கூடுதல். அந்தப் பதினேழு நாளைப் பற்றி மனிதர் மூச்சு விடமாட்டார்.

மிச்சம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தோல் வாங்குகிற துரை அவரை ரைன் நதிப் பக்கம் நடக்க அழைத்துப்போனார். காலையில் காடு, மத்தியானம் திராட்சைத் தோட்டம், சாயங்காலம் ஒரு குவளை திராட்சரசம். இவ்வளவுதானே? அண்ணாச்சி சொன்னால் அப்படியா இருக்கும்! காடென்றால் முள்ளே இல்லாத காடு, முன்பின் தெரியாதவனும் தொப்பியைத் தூக்கி வந்தனம் சொல்கிற காடு, அதைத் தாண்டினால் மலைச்சரிவு முழுக்கக் கம்பு நட்டுக் கொடியேற்றி ஆற்றங்கரை வரைக்கும் இறங்குகிற தோட்டம், அதன் அடிவாரத்தில் மரப்பலகை போட்ட கடை, கடைக்காரி, கடைக்காரியின் கன்னம் என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் நமக்குப் பசிக்கும்.

“சுத்திச் சுத்தி இன்னா அண்ணாச்சி, கள்ளுக்கடைக்குப் போனேன்னுதானே சொல்றே?” என்று எதிர்வீட்டுக் குப்பம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“சீச்சீ! கள்ளு வேற, திராட்சரசம் வேற. வேதத்துலயே இருக்குல்லா!” என்றார் அண்ணாச்சி. சர்ச் கமிட்டியில் இருப்பவர் அல்லவா, வேதத்தைத் தொட்டபின் யார் வாய் திறப்பது?

இந்தக் குப்பம்மாவின் மகன் பொன்னுரங்கம் ஹார்பரில் வேலை பார்ப்பவன். தங்கமான பிள்ளை, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். எர்ணாவூர் உப்பளத்துக் கோதண்டம் தன் மகள் கன்னியம்மாவைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போனவன். அதனால் இந்தத் தடவை குப்பம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ளாற பொண்ணப் பாத்துடணும், ஆமா!”

அந்த ஞாயிறு துணைக்கு அண்ணாச்சியும் நானும் கூடப் புறப்பட்டோம். பெண்கள் ஜட்காவில் ஏறினார்கள். ஆண்களுக்கும் ஒரு ஜட்கா நின்றது. விட்டாரா அண்ணாச்சி?

“ஞாயித்துக்கிழமை எவனாவது வண்டியில போவானா? ஜெர்மனியில கெழவன்கூட நடப்பான், வே!”

அவர் முன்னே கைத்தடியோடு, நடுவே புதுவேட்டியில் மாப்பிள்ளை, பின்னே கேணத்தனமாக நான். திருவொற்றியூர் தாண்டும்வரை சரியாகத்தான் வந்தோம். அதற்கப்பால் ரோட்டைவிட்டு இறங்கிச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தார். “அண்ணாச்சி, ரோடு...” என்று பொன்னுரங்கம் முனகினான். மரமொன்றில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இருந்தது. அதைக் கண்டதும் அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“பார்த்தீரா! அங்கேயும் இப்படித்தான். நடக்கிறவனுக்கு வழி காட்ட மரத்துக்கு மரம் சாயம் அடிச்சிருப்பான். குறி போற பக்கம் போனா ஊர் வந்துடும்!”

போனோம். குறியும் நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. இடப்பக்கம் குறி, வலப்பக்கம் குறி, திரும்பினால் முதுகுக்குப் பின்னாலும் குறி. வேட்டியெல்லாம் மணலும் சவுக்குச் சருகுமாக ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். கடைசியில் கோடாலியோடு ஒருவர் எதிர்ப்பட்டார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த சௌக்கத் அலியாம்.

“இன்னாபா பேஜாரா கீது! அது வெட்றதுக்குப் போட்ட குறி. நூத்தியெட்டு மரத்துல போட்டுகீறேன். எல்லாத்தையும் எண்ணிகினு வர்றீங்களா?”

எர்ணாவூரில் நுழையும்போது மணி நாலே முக்கால்.

கோதண்டம் நல்ல மனிதர். ராகு காலம் கழியட்டும், ஆறு மணிக்குப் பார்க்கலாம் என்று பாய் போட்டார். பெண் பார்க்கத்தான் ராகு காலம் ஆகாது. பேசுவதற்கு என்ன தடை? ஆறு வரைக்கும் ஜெர்மனிதான். கடைக்காரியின் கன்னத்துக்கு வந்தபோது குப்பம்மா பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

விளக்கேற்றினார்கள். கோதண்டம் மாப்பிள்ளையிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: “ஏம்பா, உனுக்கு இந்த ரூட்டு தெரியாதா?”

“தெரியும் மாமா. மாசத்துக்கு ரெண்டு தபா வந்துகினுதான் கீறேன்.”

“அப்பால இன்னாத்துக்குத் தோப்புல சுத்தினே?”

“பெரியவரு சொல்லிகினு இருந்தாரு... எப்படிக் குறுக்க பேசறதுன்னு...”

உள்ளேயிருந்து குரல் வந்தது. கன்னியம்மா வெளியே வரவேயில்லை.

“நைனா, எனுக்கு வேணாம். தெரிஞ்ச வழிக்கே வாய் தொறக்காத ஆளு, நாளைக்கு என்னிய யாரனா ஒண்ணு சொன்னா தொறப்பாரா?”

பொன்னுரங்கம் அழுதான். திரும்பும்போது ஜட்காவில், தாய் மடியில் முகம் வைத்து, முப்பது வயது ஆண்பிள்ளை விசும்பி விசும்பி அழுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. பெண்ணின்மேல் இல்லை; அவள் கேட்டதில் என்ன தப்பு? எதிரே இருந்த அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஜெர்மனியில பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே நடந்து போவாங்க, இந்தத் தொல்லையே இல்ல.”

ஜட்காக்காரன் உள்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் இந்தக் கதையை மண்டியில், கடற்கரையில், கல்யாணப் பந்தியில், இரண்டு சாவு வீட்டில் சொல்லியிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் பொன்னுரங்கம் எழுந்து போய்விடுகிறான். ஏன் என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் எழுந்து போகாமல் கடைசிவரை இருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: நான் எப்போது முடிப்பேன், உங்கள் கொழும்புப் பிரயாணத்தை எப்போது ஆரம்பிக்கலாம் என்றுதானே காத்திருக்கிறீர்கள்?