முன்சீட்டில் சிங்களப் பாடம்

புடவைக்கடைப் பொம்மையைப் பார்த்து ஹோன் அடித்த அன்றுதான், பெண்சாதிக்குச் சிங்களம் படிப்பிப்பது என்று யோகநாதன் முடிவெடுத்தார்.

வெள்ளவத்தையில் ஸ்கூல் வேன் ஓடுகிறவர் அவர். பக்கத்து சீட்டில் இருந்து, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் அருந்ததி. அன்று காலை, காலி வீதி ஓரமாக நின்ற சிவப்புச் சேலைக்காரியிடம் வேனை நிறுத்தினார்.

"தங்கச்சி, கெதியாப் பிள்ளையை ஏத்துங்கோ. நேரம் போகுது."

"அது கடைப் பொம்மையப்பா," என்றாள் அருந்ததி.

"தெரியும். பகிடிக்குக் கேட்டனான்."

பகிடியாவது ஒன்றாவது! தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் பஞ்சு மிட்டாய் மாதிரித்தான் தெரியும். கண்ணாடி போடலாம். ஆனால் கண்ணாடி போட்ட டிரைவரை நம்பி எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? ஒருத்தி நிறுத்தினால் எல்லாரும் நிறுத்துவார்கள். பிறகு வேனுக்குள் காகம்தான் கூடு கட்டும். ஆகவே கண்ணை வேறு இடத்திலிருந்து இரவல் வாங்கவேண்டும்.

"அருந்ததி, கொழும்புக்கு வந்து எவ்வளவு காலம்? இன்னும் சிங்களத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாய். வெக்கமா இல்லையே?"

"தேங்காய்க்காரன் ஒரு நாளும் என்னை வாசிக்கச் சொல்லேல்லையே."

"நான் படிப்பிக்கிறன். ரோட்டில கண்டதெல்லாத்தையும் சிங்களத்தில பலமாச் சொல்லு. நான் திருத்திறன்."

பாடம் பிரமாதமாக நடந்தது.

"முன்னுக்கு நிக்கிறது என்ன?"

"பல்லா."

நாய் என்று மொழிபெயர்ப்பதற்குள் அவருடைய கால் பிரேக்கில் இருந்தது. நாய் பிழைத்தது.

"அந்த பஸ் எங்க போகுது? போர்டைப் பாத்து வாசி. தமிழைப் பாக்கப்படாது."

"நுவரெலியா."

"சபாஷ்! நல்லா முன்னேறிட்டாய்."

பின்சீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் பாடம் அவர்களுக்கும் பிடித்துவிட்டது என்று யோகநாதன் மகிழ்ந்தார்.

அன்று பின்னேரமே இடி விழுந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்கு எழுத்தெல்லாம் புகையாத் தெரியுது," என்றாள் அருந்ததி.

யோகநாதனுக்கென்று இருந்ததே அந்த இரண்டு கண்கள். அவையும் புகைந்தால்? தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு, அவளைக் கண்ணாடிக்கடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தம்பி, முதல்ல இவவைப் பாருங்கோ. அவசரம்!"

கடைக்காரப் பெடியன் வெளிச்சப் பலகையைக் காட்டினான். அருந்ததி திருதிருவென்று முழித்தாள்.

"ஒண்டும் விளங்கேல்ல. நீங்கள்தானே வாத்தியார், முதல் வரியைச் சொல்லித் தாங்கோவன்."

யோகநாதன் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இது... சிங்களமோ, தமிழோ?"

"இங்கிலீஷ் அங்கிள். ஒரே ஒரு எழுத்து. சோத்துக் கோப்பை அளவு."

அருந்ததி உடனே மேல் வரியில் தொடங்கி, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தாள்.

"மட்டக்குளி பஸ்ஸை நுவரெலியா எண்டு வாசிச்சனான். நீங்கள் சபாஷ் போட்டனீங்கள். தம்பி, இந்த மனுசனைப் பிடிச்சு இருத்துங்கோ."

"அருந்ததி, தாய்மார் பிள்ளையளை நிப்பாட்டிப் போடுவினம்!"

"நிப்பாட்டினா நான் தேங்காய் விக்கிறன். நீங்கள் இருங்கோ."

இருந்தார். கண்ணாடி வரும்வரை வேனை அருந்ததியின் தம்பி ஓடினான்.

கண்ணாடி போட்ட முதல் நாள், யோகநாதன் வாயைப் பிளந்துகொண்டுதான் ஓடினார். மரங்களில் இலை தனித்தனியாக இருந்தது. த்ரீவீலர்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள். சிவப்புச் சேலைக்காரிக்குக் கை ஒன்று கழன்றிருந்தது. அருந்ததியின் கன்னத்தில் குழி விழுவதையும் கண்டார். அதைப் பார்த்த சந்தோஷத்தில், "நீ வடிவுதான்," என்றார்.

"ரோட்டைப் பாருங்கோ."

ஹெவ்லொக் டவுனில் ஜெஸீமா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதல் தாய். இவள் நிறுத்தினால் முடிந்தது கதை. யோகநாதன் கண்ணாடியைக் கழற்றப் போனார். அருந்ததி கையைத் தட்டிவிட்டாள்.

ஜெஸீமா கிட்ட வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, கண்ணாடியா?"

"சும்மா... வெயிலுக்கு."

ஜெஸீமா வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவே கேட்கக் கத்தினாள்.

"இஞ்ச வாங்களேன்! வேன் அண்ணே கண்ணாடி போட்டுட்டார்! இனி நீங்க ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சிட்டு ஆறுதலாத் தேத்தண்ணி குடிக்கலாம்!"

பிறகு மகளை வேனில் ஏற்றிவிட்டு, யோகநாதனிடம் சந்தோஷமாகச் சொன்னாள்:

"போன டேர்ம்ல இருந்து, அருந்ததி அக்கா கேட்டதுக்காக, ஒவ்வொரு நாளும் ஸ்கூல் வரைக்கும் ஒங்கட வேனுக்கு முன்னால பைக் ஓடி, ரோட்டில ஆக்கள விலக்கினது எங்கட அவர்தானே!"