பச்சை விளக்கும் ஓடைக்கரை முயலும்

ஒரு காட்டில், வெள்ளம் வருமுன் சங்கு ஊதி எச்சரிக்கும் செயலி ஒன்று இருந்தது. அதன் துண்டுகளை ஆளுக்கொன்றாக விலங்குகள் எழுதின. துண்டுகளைச் சேர்த்து முழுச் செயலியாகக் கட்டும் கட்டளை வரிசையை, அதாவது ஸ்கிரிப்டை, குரங்கு எழுதியது. எழுதியது குரங்கு என்பதால், அந்த ஸ்கிரிப்டைச் சோதிக்க மரங்கொத்தியை வைத்திருந்தார்கள். துண்டுகளைத் தனித்தனியே சோதிப்பது கீரியின் வேலை.

கீரியிடம் ஆலமரத்தில் தொங்கும் விளக்கு ஒன்று உண்டு. சோதனையில் ஒன்று தோற்றாலும் சிவப்பு. எதுவும் தோற்காவிட்டால் பச்சை. மரங்கொத்தியிடம் விளக்கு கிடையாது. தவறு கண்டால் கத்தும்.

"இந்தக் கத்தல் என் மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறது," என்றது சிங்கம். "அவன் முடிவும் கீரியின் விளக்கிலேயே தெரியட்டும்."

இரண்டையும் இணைக்கும் பொறுப்பு நரிக்கு வந்தது. நரி அதை ஒழுங்காகவே செய்தது. முதல் ஓட்டத்திலேயே விளக்கு சிவந்தது.

"குரங்கு சங்கைச் சேர்க்க மறந்துட்டான்," என்றது மரங்கொத்தி. "செயலி வெள்ளத்தைப் பார்க்கும். ஊதாது."

ஓடைக்கரை வளையில் குட்டி போட்டிருந்த முயல் நரியிடம் ஓடி வந்தது. "நரியண்ணே, மேற்கே இடி இடிக்குது. எல்லாம் கண் திறக்காத குட்டிங்க. சீக்கிரம் சரிபண்ணுங்க."

"பதறாதே தங்கச்சி. நாளைக்கு ராஜா பார்வையிட வர்றார். அதுக்குள்ள பச்சையாக்கிடறேன்."

குரங்கோ மாமியார் காட்டுக்குப் போயிருந்தது. நரி யோசித்தது. மரங்கொத்தி தன் சோதனைகளைப் பட்டமரத்தில் வைப்பது வழக்கம். இணைப்பும் அங்கே போய்த்தான் அவற்றை எடுத்துவந்தது. நரி அதைப் பக்கத்து மாமரத்துக்குத் திருப்பிவிட்டது. மாமரத்தில் சோதனை எதுவும் இல்லை. அதனால் தோல்வியும் இல்லை. விளக்கு பச்சையானது.

"என் சோதனை ஒண்ணுகூட ஓடலையே?" என்றது மரங்கொத்தி.

"அதனாலதான் ஒண்ணுகூட தோற்கலை," என்றது நரி. "கத்தாதே. ராஜா தூங்குறார்."

மறுநாள் சிங்கம் பச்சையைப் பார்த்து நரிக்கு மாலை போட்டது. முயலும் பார்த்துவிட்டு நிம்மதியாக வளைக்குத் திரும்பியது. வழியில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறிக்கொண்டிருந்தன.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"வெள்ளம் வருது, அக்கா."

"விளக்கு பச்சையா இருக்கே?"

"எங்களுக்கு நிறம் தெரியாது."

முயல் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் போய் மேட்டில் சேர்த்தது. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது தண்ணீர் வளைக்குள் வந்துவிட்டது. சங்கு ஊதவில்லை. வளை போயிற்று.

விசாரணை நடந்தது.

"எத்தனை பேர் செத்தார்கள்?" என்றது சிங்கம்.

"யாருமில்லை, ராஜா," என்றது நரி.

"அப்படியானால் செயலி வேலை செய்திருக்கிறது."

நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சோதனைக்கு உட்படாமல் எச்சரிக்கை வழங்கியதற்காக எறும்புகள் கண்டிக்கப்பட்டன.

நீதி: பிழை இல்லாத இடத்தில் தேடுகிறவனுக்கு விளக்கு எப்போதும் பச்சைதான். உங்கள் வளை ஓடைக்கரையில் இருந்தால், நிறம் தெரியாதவர்களின் பின்னால் நடக்கவும்.