இருபது நிமிஷ ரேஸுக்கு மூணு நாள் பயணத் திட்டம்

பாபநாசம் அருகிலிருந்து,
புரட்டாசி 6, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் பகலவன் அவர்களுக்கு, மாமா வைரக்கண்ணு எழுதிக்கொண்டது. பூந்தமல்லியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் தங்கள் அக்கா அம்சமும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "மாமா, லிஃப்டுக்குள்ள இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். தங்கள் வீடும் ஆபீஸும் தரைத்தளம் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

விஷயம் என்னவென்றால், ரேஸ் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தோம் அல்லவா, அது இல்லை. ஏன் இல்லை என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். தங்கள் அக்கா மகள் சுடர்விழி ஒரகடத்தில் கார் கம்பெனி இன்ஜினியர் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஆடி மாதம் டீக்கடை ரெத்தினம் தன் போனை நீட்டி, "சார், இதப் பாருங்க" என்றார். ஒரு சிவப்புக் கார், காதைக் கிழிக்கிற சத்தம், அது வந்து நின்றதும் உள்ளேயிருந்து ஒருத்தர் இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டினா, நம்ம பொண்ணு. அன்னைக்கு நான் டீயைக் குடிச்சேனா அப்படியே வச்சுட்டு வந்தேனான்னு இதுவரைக்கும் ஞாபகம் இல்ல. போன் போட்டுக் கேட்டா, "லீவு நாள்லதான்ப்பா ஓட்டுறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பொண்ணுங்களுக்குன்னு தனி ரேஸ் வருது, நீயும் அம்மாவும் கட்டாயம் வரணும்"னு சொல்லி மூணு பாஸ் அனுப்பிட்டா. மூணாவது உங்களுக்கு. அவ வண்டிக்குக் கதவே கிடையாதாம் மாப்ள. கேட்டுப் பாருங்க.

சரி, போவோம்னு நோட்டை எடுத்து உக்காந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இருபத்தெட்டு வருஷம் டைம்டேபிள் போட்டவன் நான், இந்த மூணு நாளைக்கு ஒண்ணு போட முடியல. ஏன்னா ரேஸே மூணு நாளாம். வெள்ளிக்கிழமை ஓட்டிப் பழகுவாங்களாம். சனிக்கிழமை யார் முன்னாடி நிக்கிறது, யார் பின்னாடி நிக்கிறதுன்னு முடிவு பண்ண ஓட்டுவாங்களாம். ஞாயித்துக்கிழமைதான் நெஜமா ஓட்டுவாங்களாம். அது எவ்வளவு நேரம்மான்னேன். இருபது நிமிஷம்ப்பாங்குறா. நம்ம ஊர்ல கல்யாணப் பந்தியில ஒரு இலை போட்டு எடுக்கவே அதைவிடக் கூட ஆகும்.

ரயில்ல போகலாம்னு பாபநாசத்துல ஒரு கம்ப்யூட்டர் கடையில டிக்கெட் போடச் சொன்னேன். அருமையா போட்டுக் குடுத்தாங்க, சென்னையிலிருந்து பாபநாசத்துக்கு. போகாத ஊர்லேருந்து திரும்பி வர்றதுக்கு எனக்கும் உங்க அக்காவுக்கும் எதிர் எதிர் சீட்டு, ரெண்டும் கீழ் பெர்த். போறதுக்குக் கேட்டா வெயிட்டிங் லிஸ்ட் நூத்திப் பதினாலு. அப்புறம் எதிர்வீட்டு சித்தீக், "எதுக்கு சார் அலையுறீங்க, நம்ம வேன் இருக்குல்ல"ன்னாரு. வேன்னு ஒரு வார்த்தை வெளிய போனதும் தெருவே கிளம்பிடுச்சு. எங்க அக்கா ராமாயி, ரேஸுன்னா ரேக்ளான்னு நெனச்சுக்கிட்டு, "மாடு எத்தனை ஜோடிடா?"ன்னு கேக்குது. மாடு இல்லக்கா, காருன்னேன். "அப்ப நான் கடலைப் பாத்துட்டு வந்துடுறேன்"னுடுச்சு. ரெத்தினத்துக்கு வண்டலூர்ல புலியைப் பாக்கணும், அவர் சம்சாரத்துக்குக் காஞ்சிபுரத்துல சேலை பாக்கணும். மொத்தம் பதினோரு பேர், அதுல ரேஸ் பாக்க வர்றது நான் ஒருத்தன். எல்லாத்தையும் சேத்து எழுதி சித்தீக்கிட்ட காட்டுனா, அவர் கண்ணாடியைப் போட்டுப் பொறுமையா படிச்சுட்டு, "சார், ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு ரேஸுன்னு போட்டிருக்கீங்க. அதே பத்தரைக்கு நாம மெரினாவுலயும் இருக்கோமே"ன்னாரு. அழிச்சு அழிச்சு நோட்டுல அந்தப் பக்கமே ஓட்டையாயிடுச்சு மாப்ள.

இதுக்கு நடுவுல குறுவை முத்தி நிக்குது. அறுவடை மெஷின் சனிக்கிழமைதான் வருமாம். இந்த சனியை விட்டா வானம் கறுத்துக்கிட்டு வருது, கதிர் சாஞ்சுட்டா மெஷினும் எடுக்காது, ஈரம் ஏறிட்டா கொள்முதல் நிலையத்துலயும் எடுக்கமாட்டாங்க. சுடர்கிட்ட சொன்னேன், மழை பெஞ்சா உங்க ரேஸையும் நிறுத்திடுவாங்கல்லம்மான்னு. "இல்லப்பா, மழைக்குன்னு தனி டயர் இருக்கு, மாட்டிட்டு ஓட்டுவோம்"ங்குறா. எனக்கு அப்படியே களைச்சுப் போச்சு. நெல்லுக்கு யாரு தனி டயர் மாட்டுறது?

இதெல்லாத்தையும் எப்படியாவது சமாளிச்சுடலாம். உங்க அக்காவைத்தான் சமாளிக்க முடியல. பொண்ணு கார் ஓட்டுறதைக் கேட்டதுலேருந்து அவகிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. எதிர்ல நின்னு பாக்குற தெம்பு எனக்கில்லன்னு பிடிவாதமா இருக்கா. மனசு ஒடிஞ்சு கெடக்குறவளைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது? அதனால எல்லாத்தையும் யோசிச்சு, நாங்க வரலைன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க போய்ப் பாத்துட்டு, முடிஞ்ச உடனே, முடிஞ்ச அந்த நிமிஷமே, எனக்கு ஒரு போன் பண்ணிடுங்க. அன்னைக்கு மட்டும் லிஃப்டுக்குள்ள போயிடாதீங்க.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்லபடியாக வர மனதார வாழ்த்துகிறேன். பூந்தமல்லியில் தண்ணீர் தட்டுப்பாடும் கொசுவும் குறைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
மு. வைரக்கண்ணு
(உதவித் தலைமையாசிரியர், ஓய்வு)

பி.கு.: பகலவா, இது அக்கா. புதன்கிழமை காலையில கும்பகோணம் பஸ்ஸ்டாண்டுல உக்காந்து எழுதுறேன். ஸ்பீட் போஸ்ட்டுல போடச் சொல்லிக் குடுத்தாரு, ஒட்டாம குடுத்தாரு, படிச்சேன். போஸ்ட் ஆபீஸுக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய பைன்னு அவர் கேக்கக்கூட இல்ல. இந்தக் கடிதாசியை நானே சாயங்காலம் உன் கையில குடுத்துடுறேன்.

இதுல எழுதியிருக்கிறதை நம்பாத. சுடர் ரேஸ் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டப்பவே எனக்குத் தெரியும். உங்க மாமா வயலுக்குப் போனதும் தெனமும் அவகூட வீடியோவுல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். மெஷின்காரர் வியாழக்கிழமை வர்றேன்னாரு, இவருதான் கெஞ்சி சனிக்கிழமைக்கு மாத்துனாரு. வேன்ல வர்றேன்னவங்க யாரும் தானா வரல. இவரே வீடு வீடா போய் நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டாரு, கூட்டம் சேந்தா பயணம் நின்னுடும்னு. தெம்பு இல்லாதது எனக்கில்ல பகலவா. ரெத்தினம் காட்டுன வீடியோ இவர் போன்லயும் இருக்கு. வண்டி ஓடுறதைப் பாக்கமாட்டாரு. அது நின்னு, அவ கீழ இறங்குற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறாரு. நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

மெஷின்காரர்கிட்ட பேசிட்டேன், நாளைக்கே வந்துடுறாரு. நாத்தனாருக்குப் பொங்கலுக்குக் கடல் காட்டுறேன்னு சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை காலையில சித்தீக் கார்ல இவரை மட்டும் ஏத்திக்கிட்டு வருவாரு. இப்பதான் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். முதல்ல மெஷின்காரர் எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு:

"அம்சம், நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நின்னா, அவ்வளவு வேகமா போறப்ப, அவளுக்கு என்னைத் தெரியுமா?"