கம்ப்யூட்டரிடம் ஆத்தும சோதனை

நாற்பத்திரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் அடித்திருந்தார்கள்: "நன்றாகப் புரிந்தது சார்."

கணக்கு வாத்தியார் அருள்நாதன் திரையைப் பார்த்தபடி நின்றார். ஆங்கில எழுத்தில் தமிழ். பின்னக் கணக்குத் தேர்வில் பாதிக்கு மேல் தோற்ற வகுப்பு அது. 'இன்று உனக்கு எது புரியவில்லை?' என்று கம்ப்யூட்டர் கேட்டிருந்தது. அந்தக் கேள்வியை அதற்குள் ஏற்ற அவருக்கு மூன்று வாரம் பிடித்திருந்தது.

பென்னாகரத்தைத் தாண்டி இருந்த அந்த அரசுப் பள்ளிக்கு எண்பத்தாறாம் வருடம்தான் கம்ப்யூட்டர் வந்தது. மாணவர்கள் அதைக் கொண்டு தங்களைத் தாங்களே அறிந்துகொள்ள வேண்டும் என்று கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அறிந்துகொண்டார்களா என்று பார்க்க வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி வருகிறார். அருள்நாதனின் மாற்றல் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

அருள்நாதனின் வீடு காரிமங்கலத்தில் இருந்தது. இரண்டு பஸ் மாறி வருவார், இரண்டு பஸ் மாறிப் போவார். இரண்டு வயது மகளை அவர் தூங்குகிற முகமாகவே அறிந்திருந்தார்.

"எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சிருக்குது. நல்லதுதானுங்களே சார்?" என்றார் தலைமையாசிரியை சகாயமேரி.

"ஆபீசர் நம்ப மாட்டாருங்க டீச்சர்."

"அப்ப நம்புற மாதிரி எழுதச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை அவர் வகுப்பில் சொன்னார்: "மனசுல இருக்கிற உண்மையை எழுதோணும்." யாருக்கும் விளங்கவில்லை. பாதிப்பேர் மாதாகோயில் தெருப் பிள்ளைகள். அவரும் கோயிலுக்குப் போகிறவர்தான். களைப்பில் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடி ஆத்தும சோதனை பண்ணுவீங்கல்ல? அந்த மாதிரி."

முகங்கள் தெளிந்தன. பாவங்களை எண்ணிப் பார்த்துச் சாமியாரிடம் சொல்லி, அவர் அபராதமாகத் தரும் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்திருப்பது அவர்களுக்குப் பழக்கம். அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

முதலில் போன சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை ஒதுக்கி, கம்ப்யூட்டர் முன் முழந்தாளிட்டான். மாலைக்குள் திரை நிரம்பிவிட்டது. 'கடலைக்காய் திருடினேன், நாலு தடவை. தங்கச்சியைக் கிள்ளினேன், எண்ணவில்லை.'

"பாஞ்சாலி, நீ எப்பம்மா சாமியார் தோட்டத்துல கொய்யா திருடுன?"

"நான் திருடலீங்க சார். எங்க சாமிக்குப் பாவம் சொல்ற பழக்கமில்லீங்க. ரோசம்மாகிட்ட ரெண்டு பாவம் வாங்கிக்கிட்டேன்."

"அவளுக்குக் கொறஞ்சு போகாதா?"

"அவகிட்ட நெறைய இருக்குதுங்க."

புதன்கிழமை, படிப்பைப் பற்றி மட்டும் எழுதவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். எழுதினார்கள். 'கணக்குப் பாடத்தில் தூங்கினேன், ஆறு தடவை.' ஆனால் எழுதி முடித்தும் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே வரிசை நீண்டது.

"எந்திரிடா."

"அது இன்னும் அபராதம் சொல்லலீங்க சார். எத்தினி அருள் நிறைந்த மந்திரம் சொல்லோணுங்க?"

வரிசை நகரட்டும் என்று, எதை அடித்தாலும் 'பரவாயில்லை' என்று பதில் வரும்படி செய்தார். அடுத்த பாடவேளையில் வகுப்பு முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது. எழுப்பிக் கேட்டதற்குச் சவரிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான்: "அதான் பரவாயில்லைன்னு சொல்லிடுச்சுங்களே சார்."

வியாழக்கிழமை 'பரவாயில்லை'யை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஏன்?' என்று வைத்தார். எதை அடித்தாலும் மூன்று முறை 'ஏன்?' என்று கேட்கும். இதில் பாவத்துக்கு இடமில்லை என்று நினைத்தார்.

'பின்னம் புரியவில்லை. ஏன்? சார் வேகமாக நடத்தினார். ஏன்? நாலு பத்துக்கு பஸ். ஏன்? அவருக்குப் பாப்பா இருக்குது.'

ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அந்த நாலு பத்து பஸ்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியும் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அழித்துவிடலாம். ஆனால் மறுநாள் அதிகாரிக்குக் காட்ட வேறொன்றும் இல்லை. அப்படியே கேசட்டில் பதிந்து வைத்தார்.

பள்ளி விட்டது. கம்ப்யூட்டர் அறையில் அவர் மட்டும் இருந்தார். திரை அடுத்த எண்ணைக் காட்டிக் காத்திருந்தது. '43. இன்று உனக்கு எது புரியவில்லை?'

அவர் உட்கார்ந்து, இந்த வேலை அலுத்துவிட்டது என்று அடித்தார். 'ஏன்?' என்றது. அவரை யாரும் அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. என்னென்ன அடித்தாரோ, வெளியே ஹாரன் சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடினார்.

தருமபுரி பஸ் நிலையத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நினைவு வந்தது. அதை அழிக்கவில்லை. திரும்பிப் போகவும் பஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பஸ் தாமதம். பள்ளி வாசலில் ஜீப் நின்றிருந்தது. அதிகாரி எட்டரைக்கே வந்துவிட்டாராம். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பியூன் மாதையன் கேசட்டைப் போட்டு எல்லாவற்றையும் ஓட விட்டிருந்தார்.

அறைக்குள் அதிகாரி முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தார். சகாயமேரி திரைமேல் குனிந்திருந்தார்.

"வாங்க சார். நம்ம கிளாஸ்ல நாப்பத்திரெண்டு பேருதானுங்களே? இது யாரு நாப்பத்திமூணு?" அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "'எனக்கு இந்த வேலை அலுத்துவிட்டது.' ஏன்? 'எங்கே போனாலும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள்.' ஏன்? 'உண்மையைச் சொல்ல அவர்களுக்குப் பயம். கேட்க எனக்கும் பயம்.' ஏன்?" மூன்றாவது 'ஏன்?' அப்படியே நின்றிருந்தது.

தான் அடித்த வார்த்தைகள் அருள்நாதனுக்குச் சரியாக நினைவில்லை. அந்தச் சலிப்பை மட்டும் அடையாளம் தெரிந்தது.

"மாதையா, காலையில இதைத் தொட்டது நீதான?" என்றார் சகாயமேரி.

மாதையன் அதிகாரியின் முதுகைப் பார்த்தார்.

"கேக்கறேனில்ல? ஆபீசர் வர்ற அன்னைக்கா கிறுக்கி வெப்ப? மெமோ குடுத்துருவேன்."

அருள்நாதன் மேசைமேல் இருந்த தன் மனுவைப் பார்த்தார். மகளின் தூங்கும் முகம் வந்து போனது.

"அவரை விடுங்க டீச்சர். அது நான் அடிச்சது."

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். தன் சட்டையை வேறொருவர் போட்டிருப்பதைப் பார்ப்பவர் போல அருள்நாதனை நெடுநேரம் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. பிறகு மனுவை எடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"என்னங்க சார் இது! அலுத்துப்போச்சுன்னு எழுதுனவருக்கு ஆர்டரா?" என்று கேட்டுக்கொண்டே சகாயமேரி அவர் பின்னால் ஓடினார்.

அருள்நாதனுக்கும் ஒன்றும் புரியவில்லை. மாதையன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுது நேத்து சாயங்காலம் கரண்ட் போனப்பவே அழிஞ்சு போச்சுங்க சார். இது அந்த ஆபீசரய்யா காலையில கதவைச் சாத்திக்கிட்டு ஒண்டியா உக்காந்து அடிச்சதுங்க."