மூன்று முறை சுட்ட பல்

"பல்லா இது? கதவு மாதிரி இருக்கு" என்று மாமியார் கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. அவள் பீங்கான் பல் செய்யும் கூடத்தில் பொறியாளர். அழுத்திய தூள்கட்டியில் பல்லை வெட்டி உலையில் சுட்டால், தூள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். பல் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சூடு ஏற ஏறச் சுருக்கமும் ஏறும். அளவுக்கு மீறினால் பல் பலமிழக்கும். எந்தச் சூட்டில், எத்தனை நேரத்தில், எவ்வளவு சுருங்கும் என்று எட்டு மாதம் தூக்கத்தைத் தொலைத்துக் கணினியில் ஒரு கணக்கு எழுதியிருந்தாள். அதன்படி வழக்கத்தைவிடக் குறைந்த சூடே போதும். சுருக்கமும் குறையும், அதனால் பல்லையும் வழக்கத்தைவிடச் சிறிதாக வெட்டினால் போதும்.

அந்தக் கணக்கில் பிறந்த முதல் பல், மாமியாரின் விழுந்துபோன முன்பல்லுக்கு மாற்றாக வந்தது. அதுதான் இந்தக் கதவு.

"வெள்ளிக்கிழமை குடியிருப்புச் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிக்கிறேன். எதிர்த்து நிக்கிற மேல்மாடிக்காரி முன்னாடி ஓட்டைப் பல்லோட பேசணுமா?"

"ரெண்டு நாள் குடுங்க அத்தை. என் கணக்கு தப்பாகாது. கோளாறு வேற எங்கயோ இருக்கு."

மறுநாள் காலை நேரே உலையறைக்குப் போனாள். உலைக்காரர் இருபது வருட அனுபவசாலி. யார் மனமும் நோகப் பேசாதவர்.

"அண்ணே, சூடு சரியா இருந்துச்சா?"

"அதெல்லாம் பார்த்துச் சரிபண்ணித்தான் வெச்சேன் மேடம்."

அப்படியானால் தூள்தான் அயோக்கியத் தூள். சொன்ன அளவுக்குச் சுருங்கவில்லை. கணக்கில் அதைத் திருத்தி, இரண்டாவது பல்லை இன்னும் சிறிதாக வெட்டிக் கொடுத்தாள்.

மாமியார் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். "அறுபத்தி மூணு வயசுல எனக்குப் பால்பல் முளைக்குது."

"பேசாம பழைய முறையிலேயே ஒண்ணு பண்ணிக் குடுத்துடேன்" என்றான் கணவன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"எட்டு மாச உழைப்புங்க. உங்களுக்கு அது விளையாட்டாப் போச்சா?"

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

இப்போது தூள் தேவைக்கு மேல் சுருங்கியிருந்தது. ஒரே தூள், ஒரே மூட்டை, நாளுக்கொரு குணம். மறுபடி திருத்தினாள், மூன்றாவது பல்லைப் பெரிதாக வெட்டி உலைக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அடகுக்கடைக்காரர்போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

அது முதல் பல்லைவிடப் பெரிதாக வந்தது. மாட்டியதும் மாமியாரின் உதடு மூடவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியார் ஓட்டையோடுதான் மேடையேறினார். சுத்தம், சுகாதாரம், சிக்கனம் என்பது அவருடைய முழக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில் வந்தது. முன்வரிசைக் குழந்தை ஒன்று கைதட்டியது. பதினொரு ஓட்டில் தோற்று வீடு திரும்பியவர், மூன்று பல்லையும் மருமகள் கையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் தூள் கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினாள். 'மோசடி' என்ற சொல் மட்டும் ஏழு இடத்தில் வந்தது. சாட்சிக் கையெழுத்து வேண்டுமே. உலைக்காரரிடம் நீட்டினாள்.

"இந்த அநியாயத்தைச் சும்மா விடக்கூடாதுண்ணே. நீங்களே கண்ணால பார்த்தீங்க இல்ல?"

அவர் மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"பாவம், தூளை ஏன் மேடம் திட்டுறீங்க? முதல் பல்லையே சின்னதா வெட்டியிருந்தீங்க. கணக்கு சறுக்கிருச்சுன்னு சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு, அதுக்குச் சூட்டைக் குறைச்சு, பெருசா வந்ததும் அடுத்ததுக்குக் கூட்டி, சின்னதா வந்ததும் மறுபடி குறைச்சு, அன்னையிலேர்ந்து உங்க தப்பை நான்தானே சமாளிச்சுட்டு வர்றேன்."