அளவாக ஒரு சண்டை போடுங்கள், மாப்பிள்ளை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் மனைவி அளவுக்கு மீறிய நலம். பிரச்சினையே அதுதான். வைத்தியத்துக்குப் போன இடத்தில் உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொன்னால் அடுத்த அறையில் அவள் காதில் விழும். தவிர, அவளுடைய போன் இப்போது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. அது அங்கே போன கதைதான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தெட்டு வருஷம் இரும்புப் பாலங்கள் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்தவன். துருவுக்குக் காரணமான ஆக்சிஜன் என்றாலே எனக்கு ஆகாது. மூச்சுவிட வேண்டியிருப்பதால் சும்மா விட்டிருக்கிறேன். நான் உங்கள் வீட்டுக்குத் துணையாக வந்த அன்று உங்கள் மனைவி நகத்தைக் கடித்துக்கொண்டு பிஎச்.டி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து, ஆறு வருஷ உழைப்பும் போச்சு என்பது உங்களுக்கே தெரியும். அப்படி என்னம்மா ஆராய்ச்சி என்று கேட்டேன். "உடம்புக்கு விதை மாதிரி இருக்கிற ஸ்டெம் செல்லுக்குள்ள ஒரு துடுக்கான ஆக்சிஜன் உண்டாகும்பா. அது ஜாஸ்தியானா செல்லே கெட்டுப்போயிடும்" என்றாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன். என் பகையாளி என் மகளுக்குள்ளும் புகுந்துவிட்டான் என்றால் உட்கார்ந்திருக்க முடியுமா? முதுகுக்குப் பின்னால் அவள் "ஆனா..." என்று ஏதோ தொடங்கியது காதில் விழுந்தது. அந்த 'ஆனா'வுக்கு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

டென்ஷன்தான் துரு, அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பிள்ளை நிம்மதியாக எழுதுவாள் என்று கணக்குப் போட்டு, மேல்வீட்டு டிரம்ஸ்காரரிடம் பாலத்துப் பெயிண்ட் பற்றி இரண்டு மணி நேரம் பேசியதில் மனிதர் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கே போய்விட்டார், அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினேன், கடிகாரம் டிக் டிக் என்றதால் பேட்டரியைக் கழற்றினேன், காலண்டர் அவளை முறைப்பதாகப் பட்டதால் அதைப் பரணில் போட்டேன், ஓய்வாக இருக்கட்டும் என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன், அவளுடைய பேராசிரியை கூப்பிட்டபோது "ராங் நம்பர்" என்றேன், மறுபடி கூப்பிட்டபோது இன்னும் கொஞ்சம் கனமான குரலில் "ராங் நம்பர்" என்றேன், நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் "அவ தூங்குறா மாப்பிள்ளை" என்றதும் நானேதான். முதல் மூன்று நாள் அது பொய். அப்புறம் நிஜமாகவே தூங்க ஆரம்பித்துவிட்டாள்.

பதினோரு நாள் ஆயிற்று. ஒரு வரி எழுதவில்லை. செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். உங்கள் காலுறைகளை நிறவாரியாக அடுக்குகிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் மாப்பிள்ளை! பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பார்த்து ஒரே நாளில் இரண்டு தடவை சிரித்ததில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

நேற்று அவள் தூங்கும்போது அந்த அத்தியாயத்தின் முதல் பக்கங்களைப் படித்தேன். மூன்று தட்டுகளில் ஸ்டெம் செல்களை வளர்த்திருக்கிறாள். அந்த ஆக்சிஜன் வெளியாள் இல்லையாம், செல் தனக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கும்போது அதன் அடுப்பிலிருந்து வரும் புகையாம். முதல் தட்டில் அதைக் கொஞ்சமாக இருக்க விட்டாள். செல்கள் ஒழுங்காக இரண்டிரண்டாகப் பிரிந்தன. இரண்டாவது தட்டில் மருந்து ஊற்றிச் சுத்தமாகத் துடைத்தெடுத்தாள். ஒன்றும் பிரியாமல் குறட்டைவிட்டன. மூன்றாவதில் அளவு மீறியது. பிரிந்து பிரிந்தே ஓய்ந்து அழிந்தன. இரண்டாவது தட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அதில் கிடப்பது என் மகள், மருந்து ஊற்றியது நான்.

முப்பதாம் தேதிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டு அவளோடு ஒரு சண்டை போடுங்கள். போனை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், பத்து நிமிடம் போதும். ஃப்ரிட்ஜ் கதவை அவள் சரியாகச் சாத்துவதில்லை, அதில் ஆரம்பிக்கலாம். அவள் அம்மா வழிச் சொந்தங்களைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், அது மூன்றாவது தட்டு. நீங்களே போடலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். காலையில் காபி ஆறிப்போச்சென்று கத்தினேன். "குடுங்கப்பா, சூடு பண்ணித் தரேன்" என்கிறாள். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

உங்கள் முதுகு நேராகவும் மனது நிறைவாகவும் இருக்க வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: சண்டை வேண்டாம். தயவுசெய்து கூப்பிடவே கூப்பிடாதீர்கள். நான் தபால்தலை வாங்கப் போயிருந்த நேரத்தில் அவள் தலையணை உறையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். போனும் விழுந்தது, அதோடு நான் ஒளித்து வைத்த இந்தக் கடிதமும் விழுந்தது. வாசலிலேயே நிறுத்தி இருபது நிமிடம் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "நான் என்ன உங்க பாலமாப்பா?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். பிறகு கதவை அறைந்து சாத்தினாள். நாலு மணி நேரமாக உள்ளே தட்டச்சுச் சத்தம் நிற்கவில்லை. பாதி அத்தியாயம் முடிந்துவிட்டதாம். கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டுவிட்டேன். டிரம்ஸ்காரரையும் அழைத்துவர வேண்டும்.

கடிதத்தை அனுப்பட்டுமா என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். "அனுப்புங்க. கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அது அவருக்குன்னு எழுதுங்க. பொண்டாட்டி பதினோரு நாளா தூங்குறாளாம், அதை நம்பிக்கிட்டு உக்காந்திருந்தாராமே!" என்றாள். முப்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு உங்களைத்தான் கூப்பிடுவாளாம். முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு எடுங்கள்.